டேங்க் மூச்சு விடும் திசையில் யார் வீடு இருக்கிறது? ஒரு சேஃப்டி வால்வின் கதையும் நமக்குத் தெரியாத ஒரு விதியும்

சென்னையில் மணலி, எண்ணூர் பக்கம் ஒருமுறையாவது போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக வெள்ளை அடித்த பெரிய பெரிய டேங்க்குகள். உடம்பைச் சுற்றி வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. உச்சியில், கூரை மேல், வளைந்த குழாய் மாதிரியோ தொப்பி போட்ட டப்பா மாதிரியோ ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். நாம் டேங்க்கைத்தான் பார்ப்போம். அந்தத் துருத்தலை யாரும் கவனிப்பதில்லை.

அதுதான் டேங்க்கின் மூக்கு. டேங்க்குக்கு எதுக்கு மூக்கு என்று கேட்டால், அங்கிருந்துதான் கதை ஆரம்பம்.

ஒரு டேங்க்கில் 100 கிலோ லிட்டர் பெட்ரோலை பம்ப் செய்து ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஏற்கெனவே இருந்த ஆவி எங்கே போகும்? அதே 100 கிலோ லிட்டர் அளவுக்கு வெளியே வந்தாக வேண்டும். இறக்கும்போது நேர்மாறு. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்றோ நைட்ரஜனோ உள்ளே போக வேண்டும். எதுவும் ஏற்றாமல் இறக்காமல் சும்மா விட்டாலும் டேங்க் மூச்சு விடும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் ஆவி விரியும், ராத்திரி சுருங்கும். மே மாத மதியம் 40 டிகிரி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் டேங்க் மேல் திடீரென்று கோடை மழை கொட்டினால், உள்ளே இருக்கும் ஆவி சில நிமிடங்களில் குளிர்ந்து சுருங்கும். அந்த நேரம் மூக்கு அடைபட்டிருந்தால் டேங்க் அப்படியே உள்ளே நசுங்கும். காலி தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்து உறிஞ்சினால் ஒடுங்குமே, அதே மாதிரி.

சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவைப் போட்டு, 10 சென்டிமீட்டர் ஆழத்தில் குமிழ் வருகிற மாதிரி ஊதுங்கள். குழந்தைகூட ஊதிவிடும். அந்த அழுத்தம் சுமார் 10 மில்லிபார். இதே 10 மில்லிபார், 10 மீட்டர் விட்டமுள்ள ஒரு டேங்க்கின் கூரையை உள்ளிருந்து தள்ளினால் மொத்த விசை கிட்டத்தட்ட 8 டன் எடைக்குச் சமம். ஒரு லாரி லோடு. அந்தக் கூரை எவ்வளவு தடிமன் தெரியுமா? பல டேங்க்குகளில் வெறும் 5 மில்லிமீட்டர் தகடு. 4 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தமே அந்தத் தகட்டின் எடையைத் தூக்கப் போதும். உறிஞ்சும் பக்கம் இன்னும் மோசம். சாதாரண எண்ணெய் டேங்க்குகள் பலவும் 2.5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு வெற்றிடத்தைத் தாங்கத்தான் வடிவமைக்கப்படுகின்றன. ஸ்ட்ராவில் மோர் உறிஞ்சுவதற்கு அதைவிட அதிக மூச்சு வேண்டும்.

பார்க்க மலை மாதிரி இருக்கும் டேங்க், உண்மையில் அவ்வளவு மெல்லிய ஆள். பெயின்ட் அடிக்கும்போது அழுக்கு படக் கூடாது என்று வென்ட் வாயில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிவிட்டு, அதை எடுக்க மறந்து, பம்ப்பைப் போட்டதும் டேங்க் நசுங்கிய கதை பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இதனால்தான்.

குக்கர் வெயிட்டில் இருந்து பைலட் வரை

இந்த மூக்கின் மிகப் பழைய வடிவம் உங்கள் கிச்சனிலேயே இருக்கிறது. குக்கர் வெயிட். 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பை வேகவைக்க மூடி இறுக்கிய பாத்திரம் ஒன்றை உருவாக்கினார். நீராவி அதை வெடிக்கவைக்காமல் இருக்க, எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் சேர்த்தார். குக்கருக்கும் சரி, தொழிற்சாலை சேஃப்டி வால்வுக்கும் சரி, அவர்தான் தாத்தா.

எடை வைத்த வால்வும், எடைக்குப் பதிலாக ஸ்பிரிங் வைத்த வால்வும் இன்றும் லட்சக்கணக்கில் வேலை செய்கின்றன. நல்ல வால்வுகள்தான். ஆனால் ஒரு பழக்கம் உண்டு. குக்கரில் விசில் வருவதற்கு முன்பே ‘உஸ்ஸ்’ என்று ஆவி கசியுமே, கவனித்திருக்கிறீர்களா? உள்ளே அழுத்தம் ஏற ஏற, வால்வை மூடி வைத்திருக்கும் நிகர விசை குறைந்துகொண்டே வருகிறது. திறக்க வேண்டிய அழுத்தத்துக்குக் கிட்டே வந்ததும் மூடி லேசாகிவிடும், கசியும். அதோடு முடியவில்லை. எடை வைத்த டேங்க் வால்வுகள் சிலவற்றில், மூடி முழுசாகத் திறந்து முழு அளவு ஆவியை வெளியேற்ற, அது திறக்க ஆரம்பித்த அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டியிருக்கும். 5 மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்த ‘இரண்டு மடங்கு’ பெரிய ஆடம்பரம்.

இங்கேதான் பைலட் வால்வு வருகிறது. முழுப்பெயர் பைலட் மூலம் இயங்கும் அழுத்த விடுவிப்பு வால்வு. பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது.

இதில் இரண்டு வால்வுகள். ஒன்று பெரியது, ஆவியை வெளியேற்றும் நிஜமான வாசல். இன்னொன்று கையளவு சின்னது, அதுதான் பைலட். யானையும் பாகனும் மாதிரி. பெரிய வால்வை மூடி வைத்திருப்பது ஸ்பிரிங்கோ எடையோ இல்லை. டேங்க்குக்குள் இருக்கும் அழுத்தமேதான். ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே இருக்கும் ஆவியைக் கொண்டுபோய், பெரிய வால்வின் மூடிக்கு மேலே உள்ள ஒரு சின்ன அறையில் நிரப்புகிறார்கள். இப்போது மூடியின் கீழேயும் அதே அழுத்தம், மேலேயும் அதே அழுத்தம். ஆனால் மேல்பக்கத்தின் பரப்பு கொஞ்சம் பெரியது. அழுத்தம் சமம், பரப்பு அதிகம் என்றால் விசை அதிகம். அதனால் மூடி கீழே அழுந்தியே கிடக்கும். உள்ளே அழுத்தம் ஏற ஏற இன்னும் இறுக்கமாக மூடும். குக்கர் வெயிட்டுக்கு நேர் எதிர்!

அப்படியென்றால் எப்போதுதான் திறக்கும்? அதுதான் பாகன் வேலை. பைலட் அந்த அழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். குறித்து வைத்த எல்லையைத் தொட்டதும், மேல் அறையில் இருக்கும் ஆவியை வெளியே விட்டுவிடும். மேலே பிடித்திருந்த கை விலகியதும், கீழே இருக்கும் அழுத்தம் மூடியைத் தூக்கிவிடும். அழுத்தம் இறங்கியதும் பைலட் மேல் அறையை மறுபடி நிரப்பும், மூடி அமரும். அவ்வளவுதான். எல்லை அழுத்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் டேங்க்கை ஓட்டினாலும் கசிவு இருக்காது. திறந்தால் எல்லையைத் தாண்டிய கொஞ்சத்திலேயே முழுசாகத் திறக்கும். சில வகைகள் சட்டென்று முழுசாகத் திறக்கும், சில வகைகள் தேவைக்கு ஏற்ற அளவு மட்டும் திறக்கும்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பைலட் வால்வைக் கழற்றாமலேயே சோதிக்கலாம். பல மாடல்களில் அதற்கென்றே ஒரு சின்ன இணைப்பு இருக்கிறது. அதில் நைட்ரஜன் சிலிண்டரையும் துல்லியமான ஒரு கேஜையும் மாட்டி, பைலட்டுக்கு மட்டும் அழுத்தம் கொடுத்து, அது சரியான எல்லையில் பேசுகிறதா என்று டேங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்துவிடலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

புயல் வந்தால் டேங்க்குக்கு என்ன?

பைலட் வால்வுகள் அதிகம் பயன்படும் இடங்களில் ஒன்று எல்.என்.ஜி டேங்க். அதாவது மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு. எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்குள் இப்படி ஒரு முனையம் இருக்கிறது. 2019 மார்ச்சில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன். தலா 1,80,000 கன மீட்டர் கொள்ளளவில் இரண்டு டேங்க்குகள்.

எவ்வளவு நல்ல இன்சுலேஷன் போட்டாலும் வெளி வெப்பம் கொஞ்சம் உள்ளே நுழையும். அதனால் எல்.என்.ஜி எப்போதும் லேசாகக் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆவியை கம்ப்ரசர் இழுத்து பைப்லைனுக்கு அனுப்பும். அது முடியாவிட்டால் ஃபிளேரில் எரிப்பார்கள். அதுவும் கைகொடுக்காத நிலைமைக்குத்தான் கூரை மேல் இருக்கும் வால்வு. இங்கே வால்வு கசிந்தால் காசும் போகும், மீத்தேனும் போகும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டினாலும் கசியாத வால்வைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கக் கடல் ஓரம் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இதில் இருக்கிறது. டேங்க் உணரும் அழுத்தம் என்பது உள் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று வானிலை அறிக்கையில் தினமும் கேட்கிறோமே, அது கரையை நெருங்கும்போது வெளி அழுத்தம் இறங்குகிறது. தீவிரப் புயலின் மையத்தில் 20, 30 மில்லிபார் குறைவது ஆச்சரியம் இல்லை. உள்ளே எதுவுமே மாறாமல், டேங்க் மேல் உள்ள சுமை கூடுகிறது. மேலே அமுக்கிக்கொண்டிருந்த அழுத்தம் குறைந்தால் திரவமும் வழக்கத்தைவிட வேகமாகக் கொதிக்கும். கரன்ட் போய் கம்ப்ரசர் நிற்கக்கூடிய அதே ராத்திரியில்தான் இதுவும் நடக்கும். டேங்க் வடிவமைப்பாளர்கள் இதைக் கணக்கில் எடுத்துத்தான் வால்வின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். அதற்கான சர்வதேசத் தரங்கள் இருக்கின்றன. சொல்ல வந்தது, புயல் ராத்திரியில் அந்த வால்வு சும்மா ஒரு ஓரத்து அலங்காரம் இல்லை என்பதைத்தான்.

வால்வு சரியாக வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் ஒரு உதாரணம் இருக்கிறது. 1971 ஆகஸ்டில் லா ஸ்பெசியா பக்கத்தில் உள்ள முனையம். கப்பலில் வந்த அடர்த்தி அதிகமான எல்.என்.ஜி-யை, ஏற்கெனவே டேங்க்கில் இருந்த அடர்த்தி குறைந்த சரக்குக்கு அடியில் ஏற்றினார்கள். இரண்டும் கலக்காமல் அடுக்காக நின்றன. பல மணி நேரம் கழித்து அடுக்குகள் திடீரென்று புரண்டு கலந்து, குபுகுபுவென ஆவி கிளம்பியது. சேஃப்டி வால்வுகள் திறந்தன. சில மணி நேரத்தில் சுமார் 2,000 டன் ஆவி வானத்துக்குப் போனது. தீப்பிடிக்கவில்லை, உயிரிழப்பு இல்லை, டேங்க் நின்றது. அன்று கொஞ்சம் அதிர்ஷ்டமும் கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2,000 டன் எரிவாயு ஒரு தீப்பொறியைச் சந்திக்காமல் போவது எல்லா நாளும் நடக்காது.

பாகன் தூங்கினால்?

பைலட் வால்வை நான் விற்க வரவில்லை. அதன் பலவீனமும் அந்தச் சின்னப் பாகனிடம்தான். அழுத்தத்தை உணரும் குழாய் மெல்லியது. அதில் தூசி, மெழுகு, உறைந்த ஈரம் எது அடைத்தாலும் பைலட்டுக்குக் கண் தெரியாது. குளவி கூடு கட்டினாலும் போதும். நகைச்சுவை இல்லை, வென்ட் குழாய்களில் பூச்சிக்கூடு என்பது பராமரிப்பு ஆட்கள் நிஜமாகவே தேடும் விஷயம். தானாகவே கெட்டியாகி பிளாஸ்டிக்காக மாறும் ரசாயனங்களுக்கு இந்த வால்வைத் தயங்கித்தான் போடுவார்கள். உள்ளே இருக்கும் மெல்லிய டயாபிரமும் ரப்பர் வளையங்களும் வருஷப்போக்கில் இறுகிக் கிழியும்.

உலகத்தின் மிகப் பிரபலமான பைலட் வால்வு எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில். சேமிப்பு டேங்க்கில் இல்லை, அணு உலையின் அழுத்தத்தைச் சமன் செய்யும் கலனின் மேல். ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த வால்வைப் பற்றிப் பேச முடியாது.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. உலைக்குத் தண்ணீர் செலுத்தும் பக்கத்தில் ஒரு கோளாறு. அழுத்தம் ஏறியது. பைலட் வால்வு திறந்தது. சரியான நேரத்தில், சரியாக. அழுத்தம் இறங்கியதும் மூட வேண்டும். மூடவில்லை, திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கன்ட்ரோல் ரூமில் இருந்த பேனலில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்தது. அணைந்தால் ‘மூடிவிட்டது’ என்றுதான் ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த விளக்கு காட்டியது வால்வின் நிலையை இல்லை. ‘மூடு’ என்று மின்சாரக் கட்டளை போனதா என்பதை மட்டும்தான். கட்டளை போனது, வால்வு கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு டிக் விழுந்ததும் மெசேஜைப் படித்துவிட்டார்கள் என்று நம்புவது மாதிரி.

சுமார் 2 மணி 20 நிமிடம் உலையின் குளிர்விக்கும் நீர் அந்த ஓட்டை வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. வேறொரு அடைப்பு வால்வை மூடிய பிறகுதான் நின்றது. அந்த விபத்தில் எரிபொருளின் ஒரு பெரிய பகுதி உருகிவிட்டது. அமெரிக்க அணுமின் வரலாற்றிலேயே மிக மோசமான விபத்து. இதில் என்னை உறுத்துவது வேறு. இதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 1977 செப்டம்பரில், ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே மாதிரி வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது. அங்கே ஆபரேட்டர்கள் சுமார் 20 நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தத் தகவல், அது தேவைப்பட்ட பென்சில்வேனியா ஆபரேட்டர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை.

டேங்க் பிழைத்தது, ஊர்?

இதுவரை சொன்னதெல்லாம் வால்வு கோளாறானால் என்ன என்பது. அதைவிட சங்கடமான கேள்வி, வால்வு ஒழுங்காக வேலை செய்தால் என்ன என்பது.

போபால். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டிய நேரம். யூனியன் கார்பைடு ஆலையின் ஈ-610 என்ற நிலத்தடி டேங்க்குக்குள் தண்ணீர் புகுந்து, மீத்தைல் ஐசோசயனேட் கொதித்தது. அழுத்தம் ஏறியது. சேஃப்டி வால்வு திறந்தது. அந்த வால்வு செய்ய வேண்டியதைச் செய்தது, டேங்க் வெடிக்கவில்லை. வெளியேறிய சுமார் 40 டன் விஷம் முதலில் ஒரு ஸ்க்ரப்பரில் கழுவப்பட வேண்டும், மிச்சம் ஃபிளேரில் எரிய வேண்டும். ஸ்க்ரப்பர் அவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு ஏற்றதாக இல்லை. ஃபிளேருக்குப் போகும் பைப் கழற்றிக் கிடந்தது. டேங்க்கைக் குளிராக வைத்திருக்க வேண்டிய ரெஃப்ரிஜரேஷனை மாதக்கணக்கில் முன்பே நிறுத்திவிட்டார்கள். பீய்ச்சி அடித்த தண்ணீர் புகைபோக்கி உயரத்துக்கு எட்டவில்லை. ஆவி வெளியே வந்தது, காற்று அதை ஊருக்குள் கொண்டுபோனது. ஆயிரக்கணக்கான உயிர்கள்.

விசாகப்பட்டினம். 2020 மே 7, ஊரடங்குக் காலம், விடிவதற்கு முன். எல்ஜி பாலிமர்ஸ் ஆலையில் எம்-6 என்ற ஸ்டைரீன் டேங்க். இங்கே பைலட் வால்வு கிடையாது. இது கிட்டத்தட்ட சாதாரணக் காற்றழுத்தத்திலேயே இருக்கும் டேங்க், மேலே திறந்த வென்ட். ஸ்டைரீனைக் குளிராக வைக்காவிட்டால் தானாகவே கெட்டியாக ஆரம்பிக்கும், அப்போது சூடு கிளம்பும், சூடு ஏறினால் இன்னும் வேகமாகக் கெட்டியாகும். ஆந்திர அரசு நியமித்த உயர்மட்டக் குழு என்ன கண்டது? குளிரூட்டும் ஏற்பாடு 24 மணி நேரமும் ஓடவில்லை. வெப்பத்தை அளக்கும் சென்சார் டேங்க்கின் அடிப்பகுதியில் மட்டும். மேலே கொதித்தது கீழே இருந்த சென்சாருக்குத் தெரியவில்லை. கெட்டியாவதைத் தடுக்கும் ரசாயனம் போதவில்லை. ஆவி வென்ட் வழியாக வெளியேறி ஆர்.ஆர். வெங்கடாபுரம் கிராமத்துக்குள் இறங்கியது. எச்சரிக்கை சைரன் ஒலிக்கவில்லை. 12 பேர் இறந்தார்கள். டேங்க்? அது உடையவில்லை.

இரண்டு இடத்திலும் அந்த மூக்கு டேங்க்கைக் காப்பாற்றியது. அதன் வேலையே அதுதான். சேஃப்டி வால்வு என்ற பெயரில் இருக்கும் ‘சேஃப்டி’, அடிப்படையில் கலனுக்கான சேஃப்டி. வால்வு வாயிலிருந்து வெளியே வருவது எங்கே போகிறது என்பது வேறு ஒரு ஏற்பாடு. ஃபிளேர், ஸ்க்ரப்பர், குளிரூட்டி, சைரன் எல்லாம் சேர்ந்த ஏற்பாடு. அந்த இரண்டாவது ஏற்பாட்டில்தான் நாம் வருகிறோம், சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள்.

எண்ணூர் மக்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வீட்டைவிட்டு வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது வால்வு கதை இல்லை, உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயின் கதை. ஆனால் அந்த ராத்திரி அவர்களுக்குத் தேவைப்பட்டது ரொம்பச் சின்னத் தகவல். இது என்ன வாயு, எந்தப் பக்கம் ஓட வேண்டும், முகத்தில் ஈரத்துணி வைத்தால் உதவுமா?

விதி இருக்கிறது, போர்டு இல்லை

அந்தத் தகவலைத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது என்பதுதான் இதில் கொடுமை. போபாலுக்குப் பிறகு, 1989-ல் வந்த அபாயகரமான ரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அபாயகரமான ரசாயனம் வைத்திருக்கும் ஆலைகளுக்கு இவை பொருந்தும். இதன் 15-வது விதி, விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய பகுதியில், ஆலைக்கு வெளியே இருக்கும் மக்களுக்கு, என்ன மாதிரி ஆபத்து, என்ன பாதுகாப்பு நடவடிக்கை, அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று தெரிவிக்க வேண்டிய பொறுப்பை ஆலையை நடத்துபவர் மீது வைக்கிறது. நேரடியாகச் சொல்லலாம், மாவட்ட அதிகாரிகள் வழியாகவும் சொல்லலாம். சொல்லியாக வேண்டும். இதே விதிகள் ஆலைக்குள் ஓர் அவசரத் திட்டத்தையும் ஆலைக்கு வெளியே இன்னொரு திட்டத்தையும் கேட்கின்றன.

உங்கள் ஏரியாவில் இப்படி ஓர் ஆலை இருந்தால், உங்களுக்கு அப்படி ஒரு தாள் வந்ததா? கதவில் யாராவது ஒட்டினார்களா? ஒரு எஸ்.எம்.எஸ்? பேங்க் லோன் விளம்பரம் தினம் பத்து வருகிற அதே போனுக்கு?

இங்கே என் கருத்தை நேராகவே வைக்கிறேன். 15-வது விதியைப் பொதுவான ‘செய்யலாம், செய்யக் கூடாது’ நோட்டீஸோடு முடித்துவிடக் கூடாது. ஆலை வாசலிலும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலும், ஒவ்வொரு பெரிய டேங்க்குக்கும் மூன்றே தகவல் இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, அதன் சேஃப்டி வால்வு கடைசியாகச் சோதிக்கப்பட்ட தேதி என்ன, அது திறந்தால் ஆவி ஃபிளேருக்குப் போகுமா, ஸ்க்ரப்பருக்கா, நேராக வானத்துக்கா. இதற்கு யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் வால்வுகளில் எண்ணும், எல்லை அழுத்தமும், சோதனைத் தேதியும் பொறித்த ஒரு தகடு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும். எண்ணெய் நிறுவனங்களுக்கு இந்தச் சோதனைகளுக்கென்றே ஓ.ஐ.எஸ்.டி-யின் 132-வது தரநிலை இருக்கிறது. தகவல் இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

‘இதையெல்லாம் வெளியே சொன்னால் நாசவேலைக்காரர்களுக்கு உதவும், மக்கள் பீதி அடைவார்கள்’ என்பார்கள். முதல் பாதியில் கொஞ்சம் நியாயம் உண்டு, டேங்க்கின் வரைபடத்தை யாரும் போஸ்டர் அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் சோதனைத் தேதியில் என்ன ரகசியம்? பெட்ரோல் பங்க்கில் அளவு முத்திரை எப்போது போட்டது என்று பார்க்க முடிகிறது. லிஃப்ட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்க முடிகிறது. எட்டு பேர் ஏறும் லிஃப்ட்டுக்குப் பொருந்துவது, எட்டாயிரம் பேர் குடியிருக்கும் தெருக்களுக்குப் பக்கத்தில் இருக்கும் டேங்க்குக்குப் பொருந்தாதா? பீதியைப் பொறுத்தவரை, நள்ளிரவில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்பதைவிடப் பெரிய பீதியை ஒரு போர்டு கிளப்பிவிடாது.

‘சோதிக்க ஆலையை நிறுத்தணும், உற்பத்தி கெடும்’ என்ற பழைய சாக்கும் உண்டு. ஸ்பிரிங் வால்வுகளுக்கு அது ஓரளவு உண்மை, கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பைலட் வால்வு இருக்கும் டேங்க்குகளில் அந்தச் சாக்கு எடுபடாது. நைட்ரஜன் சிலிண்டரும் கேஜும் நினைவிருக்கிறதல்லவா? டேங்க் ஓடும்போதே பைலட்டின் எல்லையைச் சோதித்துவிடலாம். ஆக, அங்கே சோதனைத் தேதி பழையதாக இருந்தால், செய்ய முடியாததால் இல்லை, செய்யாததால்தான்.

போர்டு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். உங்கள் பகுதி ஆலையின் பெயரைக் குறிப்பிட்டு, 15-வது விதியின்படி பொதுமக்களுக்கு என்ன தகவல், எந்தத் தேதியில், எந்த வழியில் தரப்பட்டது, அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டம் கடைசியாக எப்போது ஒத்திகை பார்க்கப்பட்டது என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திடம் கேளுங்கள். ‘வணிக ரகசியம்’ என்று மறுத்தால், பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் வெளியிடலாம் என்று அதே சட்டத்தின் 8-வது பிரிவு சொல்வதைக் காட்டி மேல்முறையீடு செய்யலாம். மனுக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர அவர்களுக்கு 30 நாள்.